மீன் காவலும் மங்குஸ்தான் கறையும்

நான் காலையில் கண் விழிக்கும்போதே என் பயமும் கூட விழித்துக்கொள்ளும். மழை வந்தால் துணி காயாதே என்று பயம். வராவிட்டால் ஓடை வற்றிவிடுமே என்று பயம். மூட்டையில் ஒரு சட்டை குறைந்துவிடுமோ, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கரிப்பொறி பறந்து யாருடைய கோட்டிலாவது விழுந்துவிடுமோ என்று ஓயாமல் ஏதாவது ஒன்று. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தெரியாத விஷயங்கள் எனக்கு அதிகம், தெரியாதது எல்லாமே பயமுறுத்தும். அப்படிப்பட்டவனைப் போய் ஓடைக்குக் காவல் போட்டார்கள்.

தண்ணீர்மலையிலிருந்து இறங்கி வரும் ஓடையில்தான் எங்கள் சலவைத்துறை. துணி அடிக்கும் கற்கள் இருபதுக்கு மேல் இருக்கும். குடும்பத்துக்கு ஒரு கல். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் கல் என் மாமனாருடையது. துறையில் அவர் சொல்தான் கட்டுப்பாடு. விடிந்ததும் யாரும் துணியை நனைத்துவிட முடியாது. மாமனார் முதல் நாள் கஞ்சியில் மிஞ்சிய சோற்றை ஒரு பிடி எடுத்து, முதல் கல்லுக்கு மேலே தண்ணீரில் போடுவார். மீன் வந்து கொத்த வேண்டும். கொத்தினால் தண்ணீர் சரி. அவர் முதல் துணியைக் கல்லில் ஓங்கி அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் மற்றவர்கள் கை வைப்போம். மீன் வராவிட்டால் மேலே யாரோ எதையோ கலக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கலக்குவது பெரும்பாலும் துபா. துறையிலிருந்து அரை மைல் மேலே நடந்தால் பாறைகளுக்கு நடுவில் ஒரு மடு. சாண் நீள மீன்கள் அங்கேதான் குஞ்சு பொரித்துப் பெருகின. துபாக் கொடியின் வேரை நசுக்கினால் பால் மாதிரி ஒரு சாறு வரும். அதை மடுவில் கரைத்துவிட்டால் மீன்கள் மூச்சுத் திணறி மேலே மிதக்கும், கூடையால் அள்ளிக்கொள்ளலாம். பெரிய மீன் கூடைக்குப் போகும். குஞ்சுகள் செத்து எங்கள் கல்லுக்கு வரும். ஒரு வாரத்துக்குத் துறை நாறும்.

காவலை ஆரம்பித்தவர் ஒரு கிராணி. டத்தோ கிராமாட்டில் குடியிருந்த கத்தோலிக்கர், அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை. அவருடைய துரைக்கு மீன் பைத்தியம். துரையின் சீமையில் டிரவுட் என்று ஒரு மீன் உண்டாம். அது வாழும் ஓடைகளை ஊர்க்காரர்களே சம்பளம் இல்லாமல் முறை வைத்துக் காப்பார்களாம். துரை இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விட்டதைக் கேட்டுக் கேட்டு, கிராணியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எங்கள் துறைக்கு வந்துவிட்டார்.

“அந்த ஊர்ல மீனைத் தூண்டில்ல பிடிச்சு, நல்லாப் பார்த்துட்டு, மறுபடியும் தண்ணியிலேயே விட்டுடுவாங்களாம்,” என்றார்.

“விடறதுக்கு எதுக்கய்யா பிடிக்கணும்?” என்று கேட்டார் மாமனார்.

“அது ஒரு சந்தோசம்லா.”

“நாங்க துவைச்ச துணியை மறுபடியும் சேத்துல போட்டுப் பார்த்துச் சந்தோசப்படற மாதிரியா?”

துறையே சிரித்தது. கிராணியாரும் சிரித்தார். ஆனால் காவல் என்ற யோசனை மாமனாருக்குப் பிடித்துவிட்டது. துறை ஆட்கள் ஐந்து பேர், கிராணியார் ஒருவர், ஆக ஆறு பேர் முறை போட்டுக்கொண்டோம். என் முறை சனிக்கிழமை மத்தியானம். வேரும் உலக்கையுமாக யாராவது வந்தால் கத்த வேண்டும், கத்திக்கொண்டே துறைக்கு ஓடிவர வேண்டும். ஆள் வந்தால் என்ன செய்வது என்பதைவிட, கத்தும்போது குரல் வராமல் போனால் என்ன செய்வது என்பதுதான் எனக்குக் கவலை. முதல் இரண்டு மாதமும் பாறையில் உட்கார்ந்து, மனதுக்குள்ளேயே கத்திப் பழகிக்கொண்டிருந்தேன்.

மடுவுக்கு மேல் சரிவில் ஒரு சீனத் தோட்டக்காரர் தனியாளாகக் கீரை போட்டிருந்தார். அரசாங்க நிலம், வருடத்துக்கு ஒரு முறை அனுமதிச் சீட்டு வாங்கி அங்கே இருந்தார். அவர் வேலியோரம் துபாக் கொடி இருந்தது. வேரை இடித்துத் தண்ணீரில் கலந்து, புழு விழாமல் கீரைக்குத் தெளிப்பார். மடுவுக்குப் பக்கத்தில் துபா வளர்க்கிறவன் என்று எங்கள் ஆட்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அவர்மேல் ஒரு கண். எனக்கு மட்டும் அவரைப் பிடிக்கும். நான் காவலுக்குப் போகும்போது மேலேயிருந்து ஒரு கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அவ்வளவுதான் பழக்கம்.

அந்த வருடம் மங்குஸ்தான் அமோகமாகக் காய்த்தது. மழை பொய்த்தது. ஓடை நூலாக இளைத்து, மடுவிலிருந்து வழிகிற தண்ணீரை ஒரு தகரக் குவளையில் பிடித்துவிடலாம் என்கிற மாதிரி ஆயிற்று.

கிராணியாரின் துரை வீட்டுத் துணி என்னிடம்தான் வந்தது. எனக்கு இருந்த ஒரே பெரிய பங்களா அது. ஒரு விருந்துக்குப் பிறகு அங்கிருந்து ஒரு மேசைவிரிப்பு வந்தது. துரைசானி கல்யாணத்துக்கு அவள் தாயார் கொடுத்ததாம். ஓரம் முழுக்க வெள்ளை நூலில் பூவேலை. நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மங்குஸ்தான் தோலின் சாறு. அந்தக் கறையைப் பற்றி எங்கள் தொழிலில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தக் கறை போகும், மசிக் கறைகூட மங்கும். மங்குஸ்தான் போகாது.

“கறை போனா அடுத்த வாரம் வா. போகலைன்னா வேற ஆள் வருவான்னு அம்மா சொல்லச் சொன்னாங்க,” என்றார் பங்களாச் சமையல்காரர்.

எலுமிச்சை, சோடா, வெள்ளாவி, நல்ல வெயில் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஊதா நிறம் பழுப்பானது. பழுப்பு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

மிச்சமிருந்தது வெளுப்புத் தூள். துறையில் அது கூடாது. முன்பு ஒருவர் அதைப் போட்டு, துணியெல்லாம் ஓட்டை விழுந்து, மொத்தத் துறைக்கும் கெட்ட பெயர் வந்தது. வெளுப்புத் தூளோடு பிடிபட்டவனுக்குக் கல் கிடையாது என்று அன்றைக்கே கட்டுப்பாடு போட்டவர் என் மாமனார். நான் சூலியா தெருவுக்குப் போய், சாக்கடைக்குப் போட என்று பொய் சொல்லி ஒரு டின் வாங்கினேன். கடைக்காரர் எந்தச் சாக்கடை என்று கேட்டுவிடுவாரோ என்று வழியெல்லாம் ஒரு சாக்கடையை யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

எங்கே வைத்துப் போடுவது? வீட்டில் மனைவி இருக்கிறாள். அவள் முதல் கல்லுக்காரரின் மகள். துறையில் இருபது ஜோடிக் கண். ஊரிலேயே ஆள் இல்லாத இடம், நல்ல தண்ணீர் இருக்கும் இடம், நான் போவதை யாரும் ஏன் என்று கேட்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் மேசைவிரிப்பையும் டின்னையும் துண்டில் சுற்றிக்கொண்டு காவலுக்குப் போனேன்.

பாறைக் குழி ஒன்றில் தூளைக் கரைத்துத் துணியை அமுக்கினேன். கண் எரிந்தது. கறை என் கண் முன்னாலேயே கரைந்தது. மடுவில் இறங்கி அலசினேன். மீன்கள் முதலில் கஞ்சி என்று நினைத்து வந்தன. பிறகு விலகிப் போயின. டின்னில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று மறுபடியும் பயம். கவிழ்த்துவிட்டேன், மடுவிலேயே. காலி டின்னைப் புதரில் எறிந்தேன். இத்தனை வருடத் தொழிலில் அழுக்கு எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. தண்ணீரோடு போகிறது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அந்தத் தண்ணீர் எங்கேயும் போகவில்லை.

எழுந்தபோது சரிவின் மேலே தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையைத் தூக்கினார். நான் தூக்கவில்லை.

மறுநாள் காலை மாமனார் போட்ட சோறு ஒரு மீனும் தொடாமல் கல்லைத் தாண்டிப் போயிற்று. இரண்டாம் பிடி போட்டார். அதுவும் போயிற்று. பிறகு மேலேயிருந்து செத்த குஞ்சு ஒன்றின் வெள்ளை வயிறு மிதந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. நான் மூட்டையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன்.

எல்லோரும் மடுவுக்கு ஓடினோம். பாறை இடுக்குகளில் மீன்கள் குவிந்து கிடந்தன. பூசை முடிந்து வந்த கிராணியார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நேத்து உன் முறைதானே தம்பி? யாரையும் பார்க்கலியா?”

“இல்லீங்க ஐயா. யாரும் வரல்லே.” அது உண்மைதான். என்னைத் தவிர யாரும் வரவில்லை.

சத்தம் கேட்டுத் தோட்டக்காரர் இறங்கி வந்தார். ஒரு மீனை எடுத்துச் செவுளை விரித்தார். வெளிறிக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். “புக்கான் துபா,” என்றார் மலாயில். இது துபா இல்லை. சொல்லிவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என் விரல் நுனியெல்லாம் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

“அவன் அப்படித்தான் சொல்லுவான்!” என்றான் எங்களில் ஒருவன். இன்னொருவன் வேலியோரம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, துபாக் கொடி ஒன்றின் அடியில் புதிதாய்த் தோண்டிய மண் இருக்கிறது என்று கூவினான். கீரைக்குத் தெளிக்கத் தோண்டியிருப்பார். அது எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு ஐந்து பேருக்கு அது போதுமானதாக இருந்தது.

கிராணியார் அங்கேயே பாறையில் வைத்துத் துரைக்கு இங்கிலீஷில் மனு எழுதினார். தோட்டக்காரரின் அனுமதிச் சீட்டை ரத்து செய்ய வேண்டும் என்று அதில் இருந்ததைத் தமிழில் சொன்னார். காவல்காரர்கள் எல்லோரும் கையெழுத்து. கடைசியாக என் முறை வந்தது.

“என்ன தம்பி, கையெழுத்துப் போடச் சொன்னா பென்சிலு இந்த ஆட்டம் ஆடுது?”

“இரண்டாங் கிளாஸு படிப்பு, அப்படித்தான் ஆடும்,” என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். நான் போட்டேன்.

துரைக்குக் காய்ச்சல், இரண்டு மூன்று நாளாக ஆபீசுக்கு வரவில்லை. “நாளைக்கு நீதானே பங்களாவுக்குத் துணி கொண்டுபோறே? நீயே குடுத்துடு,” என்று கவரை என் கையில் கொடுத்தார் கிராணியார்.

அன்று சாயங்காலம் மனைவி மேசைவிரிப்பை இஸ்திரி போட்டாள். பெட்டியை வைத்தவள் சட்டென்று தூக்கினாள்.

“என்னங்க இது? பெட்டி பட்டதும் துணி அப்பளமா நொறுங்குது?”

கறை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அவள் துணியை முகர்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். சலவைக்காரன் மகளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

“மீனுமா?” என்று மட்டும் கேட்டாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் கரியைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, “அப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்,” என்றாள். அவள் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஓட்டை உள்ளே போகும்படி மடித்த மேசைவிரிப்பு அடியில், துரையின் சட்டைகள் நடுவில், கவர் எல்லாவற்றுக்கும் மேலே. வழக்கமாக எனக்கு ஒரு நேரத்தில் ஒரு பயம்தான் இருக்கும். அன்றைக்கு எது பெரியது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கவரைக் கொடுத்தால் ஒரு மனிதனின் அடுப்பு அணைந்துவிடும். கொடுக்காவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கல் போகும். கல் போனால் நாங்கள் எங்கே போவோம்?

பங்களாப் படியில் சமையல்காரர் மூட்டையை வாங்கிக்கொண்டார். “வேற ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். கவர் அதற்குள் என் இடுப்பில் இருந்தது. எப்போது அதை எடுத்துச் செருகிக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. “ஒண்ணும் இல்லே,” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நேரே கிராணியாரின் ஆபீசுக்கு நடந்தேன். அவர் வெளியே வரும்வரை மரத்தடியில் நின்றேன். வந்ததும் கவரை நீட்டினேன்.

“ஏன், துரை இல்லியா?”

“நான்தாங்க ஐயா. மீனு. துபா இல்லே. நான்தான்.”

முதலில் அவருக்குப் புரியவில்லை. டின், மேசைவிரிப்பு, மடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். திடீரென்று அந்தச் சிவப்பு போய், அவர் முகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று வந்தது.

“அட பாவி! நான் காலையிலேயே ஸ்டேசன்ல வாயால சொல்லிட்டேன்யா. இன்னைக்கே மாத்தாங்க போவாங்கலா!”

மாத்தா என்றால் போலீஸ்காரர். கிராணியார் ரிக்ஷா ஒன்றைக் கைதட்டி நிறுத்தினார். வழியெல்லாம் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். “துரைக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு? விசாரிக்காம ஒருத்தன் மேல எழுதினவன்னு நினைப்பாரே,” என்று தனக்குள் பேசினார். என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருக்கலாம்.

நாங்கள் மூச்சு வாங்க மேலே ஏறியபோது இரண்டு மாத்தாக்கள் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் மண்ணில் குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் துபாக் கொடிகள் வேரோடு குவிந்து கிடந்தன. யாரும் பிடுங்கச் சொல்லவில்லையாம். இவர்கள் வந்து நின்றதுமே அவராக ஒவ்வொரு தூராய்ப் பிடுங்கி முன்னால் போட்டிருக்கிறார். நகக்கண்ணில் ரத்தம்.

கிராணியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு மாதம் மனதுக்குள் கத்திப் பழகிய குரல் அப்போது வந்தது. ஆனால் கத்தலாக வரவில்லை.

“சாயா,” என்றேன். நான். “புக்கான் டியா.” அவர் இல்லை.

வெளுத்த விரல்களை நீட்டிக் காட்டினேன். புதரிலிருந்து டின்னையும் எடுத்து வந்தேன். பெரிய மாத்தா டின்னை முகர்ந்து பார்த்துத் தும்மினார். டோபி துணி துவைத்ததற்கு நான் என்ன கேஸ் எழுதுவது என்று கிராணியாரைக் கேட்டார். கிராணியார் தலைகுனிந்து, தான் சொன்னது தவறு என்று சொன்னார். தோட்டக்காரர் யாரையும் பார்க்காமல் வேர்க்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.

அன்று மாலையே மாமனாரிடம் சொன்னேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “பவுடருக்கு ஆறு மாசம். கையெழுத்துக்கு ஆறு மாசம்.”

ஒரு வருடம் எனக்குக் கல் இல்லை. கடைசிக் கல்லுக்கும் கீழே, எல்லோருடைய அழுக்கும் வந்து சேரும் மணலில், ஒரு பலகையைப் போட்டுத் துவைத்தேன். பங்களாவும் போயிற்று, மேசைவிரிப்பை விரித்துப் பார்த்த அன்றே ஆள் மாற்றிவிட்டார்கள். காவலிலிருந்து மட்டும் என்னை எடுக்கவில்லை. கிராணியார்தான், “அவன் இருக்கட்டும்லா. இனிமே ஒரு இலை விழுந்தாக்கூட ஓடிவருவான்,” என்றாராம்.

சனிக்கிழமைகளில் மறுபடியும் மடுவுக்குப் போனேன். மேலே தோட்டத்தில் கீரை சல்லடையாகியிருந்தது. துபாக் கொடி மறுபடி வேர் பிடிக்க இரண்டு வருடம் ஆகும். அதற்குள் புழு அதன் வேலையைப் பார்க்கிறது. தோட்டக்காரர் குனிந்து ஒவ்வொரு இலையாகப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கீழேயே உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் வாரம் மேலே போய், அடுத்த பாத்தியில் குனிந்தேன். விரட்டுவாரோ என்று முதுகு முழுக்கப் பயம். அவர் ஒரு கொட்டாங்கச்சியை என் பக்கம் தள்ளினார், புழுவைப் போட. அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கண் மடுவில், ஒரு கண் இலையில்.

மழை வந்து மடு நிறைந்த பிறகு ஒரு நாள், நான் இறங்கப் போகும்போது அவர் தன் நீலச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். சேறும் வியர்வையும் ஏறிக் கல்லாய்க் கிடந்த சட்டை. துவைத்துக் கொண்டு வா என்று மலாயில் சொன்னார். பிறகு, சிரிக்காமல், “அந்த வெள்ளைத் தூளைப் போடாதே. நீலம் நீலமாவே இருக்கட்டும்,” என்றார்.

மறுநாள் காலை அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றேன். மேலே மாமனார் சோறு போடும் நேரம். அங்கிருந்து எனக்குத் தண்ணீர் தெரியாது, காது மட்டும்தான். மீன்கள் செத்த பிறகு, எத்தனையோ மாதம் அவர் வெற்றிலை மென்று முடிக்கும்வரை காத்திருந்து, கொத்த எதுவும் வராமல், கடைசியில் அரைமனதாக அடிப்பார். அன்றைக்கும் காத்திருந்தேன். நான் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். பத்துகூட வரவில்லை. முதல் கல்லில் துணி ஓங்கி விழுந்தது.

சட்டையை நனைத்தேன். சவுக்காரம் மட்டும் போட்டேன். சேறு கரைந்து பழுப்பாய் இறங்கியது. அது எங்கே போகிறது என்று, வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.